ஓர் உதிரிபாகத்தின் விலைக்குள் என்ன இருக்கிறது? சப்ளையரிடம் குறையும் செலவு வாடிக்கையாளரை எப்போது எட்டுகிறது?

2 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டில் வெட்டி வளைத்த ஒரு பிராக்கெட்டை எடுத்துக்கொள்வோம். மோட்டாரைத் தாங்கிப் பிடிக்கிற, ‘எல்’ வடிவத்தில் கையளவு பாகம். எடை 96 கிராம். ஆனால் அதைச் செய்துதரும் சப்ளையர் ஒரு பாகத்துக்கு 96 கிராம் எஃகு வாங்கினால் போதாது. 120 மில்லிமீட்டர் அகலக் காயில் (சுருட்டி வைத்த எஃகுத் தகடு), அதை வெட்டும் பிரஸ் இயந்திரத்துக்குள் போகிறது; பிரஸ் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் காயில் 85 மில்லிமீட்டர் முன்னால் நகர்கிறது. 120-ஐ 85-ஆல் பெருக்கி, தடிமன் 2-ஆல் பெருக்கி, எஃகின் அடர்த்தியைச் (ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம்) சேர்த்துக் கணக்கிட்டால் 160 கிராம் வருகிறது. அதாவது ஒவ்வொரு பாகத்துக்கும் 64 கிராம் ஸ்கிராப் தொட்டியில் விழுகிறது. விலைக்குள் அதுவும் இருக்கிறது.

இப்போது ஒரு பாகத்தைத் தலைகீழாகத் திருப்பி, அடுத்ததன் மடிக்குள் வைத்துப் பாருங்கள். 190 மில்லிமீட்டர் அகலக் காயிலில், அதே 85 மில்லிமீட்டர் நகர்வில், ஒரே அடிக்கு இரண்டு பாகம் கிடைக்கிறது. ஒரு பாகத்துக்குப் போகும் எஃகு 127 கிராம். 33 கிராம் மிச்சம். ஆண்டுக்கு 10 லட்சம் பாகம் ஓடுகிற வேலை என்றால் 33 டன் எஃகு. ஸ்கிராப்பை விற்றும் பணம் வந்துகொண்டிருந்ததால் இந்த 33 கிராமும் முழு லாபம் இல்லை. ஸ்கிராப் விலை புதுக் காயில் விலையில் 40 சதவீதம் என்றால், கையில் நிற்பது 20 கிராம் எஃகின் விலை. அப்படியும் இது சின்னத் தொகை இல்லை.

இதைச் சப்ளையர் தாமாகவே செய்துவிட முடியாதா? முடியாது. புது டை (தகட்டை வெட்டும் அச்சு) வேண்டும், டை பெரும்பாலும் பாகத்தை வாங்கும் உற்பத்தியாளரின் சொத்து. டிராயிங்கும் அவருடையது. ஒரே அடியில் இரண்டு பாகம் வெட்டினால் பிரஸ்ஸின் மேல் விழும் விசை இரட்டிப்பாகும். வெட்டும் சுற்றளவு 400 மில்லிமீட்டர், தடிமன் 2 மில்லிமீட்டர், மென்எஃகின் வெட்டுவலிமை சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 300 நியூட்டன். மூன்றையும் பெருக்கினால் ஒரு பாகத்துக்கு 24 டன்னுக்குச் சற்று மேல், இரண்டுக்கு 49 டன். பாதுகாப்புக்கு 30 சதவீதம் கூட்டினால் 64 டன். 40 டன் பிரஸ்ஸில் ஓடிய வேலை 80 டன் பிரஸ்ஸுக்கு மாற வேண்டும், அதன் மணிநேர ரேட் கூடுதல். அடிக்கு இரண்டு பாகம் வருவதால் அது ஈடுகட்டப்படும் என்றாலும், அந்தப் பிரஸ்ஸில் இடம் காலியாக இருக்க வேண்டும்.

அவசரப்பட்டால் தவறும் இடங்களும் உண்டு. பாகங்களுக்கு நடுவே விடும் பட்டை தகட்டின் தடிமனைவிட மெலிந்தால், அது டைக்குள் இழுபட்டு விளிம்பில் பிசிறு வரும், டையின் வெட்டுமுனையும் சீக்கிரம் சிதையும். 180 பாகை திருப்பினால் தகட்டின் உருட்டல் திசை (ஆலையில் தகட்டை உருட்டிய திசை) பாகத்துக்கு மாறாது. எஃகை இன்னும் மிச்சப்படுத்த 30, 40 பாகை சாய்த்து அடுக்கினால் திசை மாறும். வளைக்கும் கோடு உருட்டல் திசைக்கு இணையாக வந்துவிட்டால் வளைவின் வெளிப்புறத்தில் விரிசல் விடும். காகிதத்தில் மிச்சமான எஃகு ரிஜெக்ஷனில், அதாவது தேறாமல் ஒதுக்கப்படும் பாகங்களில், போய்விடும்.

இவ்வளவு விவரமும் பிரஸ் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். இரட்டையாக வெட்டலாம் என்பது முதல் வாரத்திலேயே அவர்கள் கண்ணில் பட்டிருக்கும். ஆனாலும் பல வருடம் யாரும் வாய் திறப்பதில்லை. சொன்னால் அடுத்த மாதமே மிச்சம் முழுவதையும் விலைக் குறைப்பாக உற்பத்தியாளரின் பர்சேஸ் துறை எடுத்துக்கொள்ளும் என்பது சப்ளையர்களின் அனுபவம். செலவுக் குறைப்பு என்ற முயற்சி பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். யோசனைகளுக்குப் பஞ்சம் இல்லை. அவற்றைச் சொல்வதால் சொன்னவருக்கு நன்மை இல்லை, அதுதான் சிக்கல்.

3 சதவீதக் கணக்கு

பல தொழில்களில், குறிப்பாக வாகன உதிரிபாகத்தில், ஆண்டுதோறும் 2 முதல் 5 சதவீதம் விலை குறைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறார்கள். 3 சதவீதம் என்று கேட்கும்போது சிறிதாகத் தெரிகிறது. ஐந்தாண்டு தொடர்ந்தால் 100 ரூபாய்க்கு விற்ற பாகம் 85.9 ரூபாய்க்கு வந்து நிற்கும்.

அந்த 100-ல் 60 எஃகுக்கோ அலுமினியத்துக்கோ பிளாஸ்டிக்குக்கோ போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த விலையைச் சப்ளையர் தீர்மானிப்பதில்லை, பல நேரங்களில் எந்த ஆலையிலிருந்து வாங்க வேண்டும் என்பதையே உற்பத்தியாளர்தான் சொல்கிறார். சப்ளையரின் கைக்குள் இருப்பது மீதி 40: இயந்திரம், ஆட்கள், மின்சாரம், பேக்கிங், நிர்வாகம், லாபம். 14.1 குறைய வேண்டுமானால் அந்த 40-ல் 35 சதவீதம் குறைய வேண்டும். பொருளின் எடையும் டிராயிங்கும் ஆர்டர் முறையும் மாறாமல், வேலை முறையில் மட்டும் 35 சதவீதம் குறைப்பது மிகச் சிலரால்தான் முடியும்.

முடியாதவர்களும் விலையைக் குறைத்துத்தான் கொடுக்கிறார்கள். எப்படி? 60,000 அடிக்கு ஒருமுறை டையைத் தீட்டியவர் 90,000-க்குத் தள்ளிப்போடுகிறார், பிசிறு கூடுகிறது. 8 மைக்ரான் துத்தநாக முலாம் 5 மைக்ரானாக இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாது, இரண்டு மழைக்காலம் தாண்டினால் துருவாகத் தெரியும். அனுபவப்பட்ட தரப் பரிசோதகர் விலகினால் அந்த இடம் நிரப்பப்படுவதில்லை. தமக்குக் கீழே முலாம் பூசித்தரும் சிறு பட்டறைக்குப் பணம் கொடுப்பதை இன்னும் ஒரு மாதம் இழுக்கிறார்.

100 ரூபாய் விலையில் 3 ரூபாய் மிச்சம் பிடித்தவருக்கு மறுபக்கத்தில் என்ன போகிறது என்பதையும் கணக்கிட வேண்டும். முன்பு ரிஜெக்ஷன் 0.02 சதவீதம், இப்போது 0.5 சதவீதம் என்று கொள்வோம். பழுதான பாகம் பொருத்திய பிறகே தெரியவந்தால், கழற்றி, மாற்றி, மறுபடி சோதிக்க ஒன்றுக்கு 600 செலவு. முன்பு அந்தச் செலவு ஒரு பாகத்தின் மேல் 0.12 ஆக விழுந்தது, இப்போது 3.00 ஆக விழுகிறது. கூடியது 2.88, மொத்த மிச்சம் 0.12. பர்சேஸ் துறையின் அறிக்கையில் 3 சதவீதம் சாதனை என்று இருக்கும். அந்த 2.88 அசெம்பிளி துறையின் கணக்கில் தனியாக ஏறியிருக்கும், இரண்டையும் ஒரே தாளில் யாரும் பார்ப்பதில்லை. பாகத்தின் விலை, சரக்குக் கட்டணம், இருப்புச் செலவு, பரிசோதனை, ரிஜெக்ஷன் ஐந்தையும் ஒரே வரியில் கூட்டிப் பார்க்காத நிறுவனத்துக்குத் தன் செலவு குறைந்ததா கூடியதா என்றே தெரியாது.

டிராயிங்கில் ஒளிந்திருக்கும் பணம்

சப்ளையரின் விலையில் கணிசமான பகுதி, உற்பத்தியாளர் தம் மேசையில் எடுத்த முடிவுகளின் விலை. எம்8 போல்ட் (8 மில்லிமீட்டர் விட்டம்) நுழைகிற 9 மில்லிமீட்டர் துளை ஒன்றை நினைத்துப் பாருங்கள். போல்ட்டைச் சுற்றி அரை மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது, 0.1 கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் பழைய டிராயிங்கிலிருந்து நகல் எடுத்தபோது ±0.02 என்ற அளவு கூடவே வந்துவிட்டது. விளைவு: டிரில் போட்டு முடிக்க வேண்டிய துளைக்கு, அளவைத் துல்லியமாக்கும் ரீமிங் என்று இன்னொரு வேலை, அந்த ரீமருக்குத் தேய்மானம், ஒவ்வொரு லாட்டுக்கும் கேஜ் வைத்துச் சோதனை. மேற்பரப்பு வழவழப்பும் அப்படித்தான். எதோடும் உரசாத பரப்புக்கு 0.8 மைக்ரான் கேட்டால் கிரைண்டிங் செய்தாக வேண்டும், 3.2 போதும் என்றால் கடைசலோடு வேலை முடிந்தது.

இந்தக் கேள்விகளை முறையாகக் கேட்கத் தொடங்கியவர் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் லாரன்ஸ் மைல்ஸ். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கேட்ட பொருள் கிடைக்காமல் மாற்றுப் பொருள் தேட வேண்டியிருந்தது. மாற்றாக வந்த பொருள் பல சமயம் மலிவாகவும் இருந்தது, வேலையையும் குறைவில்லாமல் செய்தது. அந்த அனுபவத்திலிருந்து 1947-ல் மதிப்புப் பகுப்பாய்வு என்ற முறையை அவர் உருவாக்கினார். இந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது, அந்த வேலைக்கு இப்போது என்ன செலவாகிறது, அதே வேலையை வேறு எது செய்யும், அதற்கு என்ன செலவாகும்? பாகத்தின் பெயரை மறந்துவிட்டு வேலையை மட்டும் பார்க்க வைப்பது இந்தக் கேள்விகளின் பலம்.

டொயோட்டா 2000-ல் தொடங்கிய சிசிசி21 திட்டம் இதைப் பெரிய அளவில் செய்தது. காரின் முக்கியப் பாகங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் 30 சதவீதம் குறைப்பதை இலக்காக வைத்தார்கள். ஹாரனைப் பிரித்துப் போட்டுப் பார்த்ததில் உள்ளிருந்த 28 பாகங்களில் 6 தேவையில்லை என்று தெரிந்தது, செலவு 40 சதவீதம் இறங்கியது. கதவுக்கு மேலே பிடித்துக்கொள்ளும் கைப்பிடியில் 35 வகை இருந்தன, அவற்றை 3 ஆக்கினார்கள். 35 மோல்டுக்குப் பதில் 3 மோல்டு என்றால் என்னவென்று பிளாஸ்டிக் பாகம் செய்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மோல்டு மாற்றும் நேரம், 35 பெட்டிகளில் கிடக்கும் இருப்பு, எது எந்த மாடலுக்கு என்ற குழப்பம் எல்லாம் போகின்றன.

ஆர்டர் தரும் முறை, பணம் தரும் முறை

டிராயிங்கைப் போலவே உற்பத்தியாளரின் ஆர்டர் பழக்கமும் விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பாகத்துக்கு 6 வினாடி, டை மாற்றிச் செட்டிங் செய்ய 2 மணி நேரம் என்று கொள்வோம். 5,000 பாகம் ஒரே லாட்டில் ஓட்டினால் செட்டிங் ஒரு பாகத்தின் மேல் 1.4 வினாடியாக விழுகிறது. ‘இன்றைக்கு 1,000 மட்டும் அனுப்புங்கள், மீதி அடுத்த வாரம்’ என்றால் அது 7.2 வினாடி. 6 வினாடி வேலைக்கு 7.2 வினாடி செட்டிங்! பாகம் அதேதான், பிரஸ் அதேதான், ஒரு போன் அழைப்பில் இயந்திரச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது.

இதற்கு இரண்டு பக்கமும் வேலை இருக்கிறது. சப்ளையர் செட்டிங் நேரத்தைக் குறைக்க வேண்டும். ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ் ஒன்றின் டை மாற்றத்தை 4 மணி நேரத்திலிருந்து முதலில் ஒன்றரை மணிக்கும், பிறகு 3 நிமிடத்துக்கும் கொண்டுவந்தது 1969-ல். பிரஸ் நிற்கும்போது செய்ய வேண்டிய வேலையையும், ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்துவைக்கக்கூடிய வேலையையும் பிரிப்பதுதான் அதன் அடிப்படை. அடுத்த டை, போல்ட், கிளாம்ப், ஸ்பேனர் எல்லாம் பிரஸ் நிற்பதற்கு முன்பே பக்கத்தில் வந்திருக்க வேண்டும். எல்லா டைகளுக்கும் ஒரே உயரமும் ஒரே கிளாம்ப் தடிமனும் இருந்தால், பாதி நேரம் எடுக்கும் உயரச் சரிப்படுத்தலே வேண்டாம். 2 மணி நேரம் என்பது 10 நிமிடமாகக் குறைந்தால் 1,000 பாக லாட்டிலும் செட்டிங் 0.6 வினாடிதான். அப்போது சிறு லாட் கேட்பது சப்ளையரின் கையைக் கடிக்காது.

உற்பத்தியாளர் பக்கத்தில் தேவைப்படுவது நிலையான அட்டவணை. குறைந்தது இரண்டு வாரம் மாறாத எண்ணிக்கை, அதற்கு மேல் ஆறு வாரத்துக்குத் தோராய மதிப்பு. டயப்பர் விற்பனையை பிராக்டர் அண்ட் கேம்பிள் ஆராய்ந்தபோது கண்டது இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்று: குழந்தைகள் டயப்பர் பயன்படுத்தும் வேகம் ஏறக்குறைய மாறாமல் இருந்தது, கடைகளின் ஆர்டர் கொஞ்சம் ஆடியது, மொத்த விற்பனையாளரின் ஆர்டர் அதைவிட ஆடியது, மூலப்பொருள் ஆர்டர் இன்னும் அதிகமாக ஆடியது. மேலே போகப் போக ஆட்டம் பெருகுகிறது. கடைசியில் நிற்கும் சப்ளையர் அதைச் சமாளிக்கக் கூடுதல் இருப்பும், ஓவர்டைமும், சும்மா நிற்கும் இயந்திரமும் வைத்திருக்கிறார். அவற்றின் விலையையும் உற்பத்தியாளர்தான் கொடுக்கிறார். பில்லில் தனி வரியாக வராததால் தெரிவதில்லை.

பணம் தரும் கெடு அடுத்தது. 30 நாளில் தந்த பணத்தை 90 நாளாக்கினால் உற்பத்தியாளருக்கு 60 நாள் கடன் இலவசமாகக் கிடைத்தது போலத் தெரியும். பெரிய நிறுவனத்துக்கு வங்கி வட்டி 8 சதவீதம் என்றால் அந்த 60 நாளின் மதிப்பு 1.3 சதவீதம். சிறு சப்ளையர் 12 சதவீத வட்டிக்கு வாங்கி அந்த இடைவெளியை நிரப்பினால் அவருக்குச் செலவு 2 சதவீதம். இருவரையும் சேர்த்துப் பார்த்தால் கடன் மலிவாகக் கிடைப்பவர் வாங்காமல், அதிக வட்டி கட்டுகிறவர் தலையில் ஏற்றியதால், 0.7 சதவீதம் வீணாக வங்கிக்குப் போனது. அடுத்த விலைப் பேச்சில் அந்த 2 சதவீதம் வேறு பெயரில் திரும்பி வரும். சீக்கிரம் பணம் தந்து அதற்கு ஈடாக 1.5 சதவீதம் விலை குறைத்துக் கேட்டால் இருவருக்கும் லாபம். செலவுக் குறைப்பில் ஒரு புது இயந்திரமும் கேட்காத வழி இது, ஆனால் கணக்குத் துறையும் பர்சேஸ் துறையும் பேசிக்கொள்ளாத நிறுவனங்களில் இது நடப்பதே இல்லை.

பிடுங்கியவர்களும் பகிர்ந்தவர்களும்

1992-ல் ஜெனரல் மோட்டார்ஸின் உலகக் கொள்முதலுக்குத் தலைவரான ஹோசே இக்னாசியோ லோபெஸ், நடப்பிலிருந்த ஒப்பந்தங்களை ஒதுக்கிவிட்டுப் பல சுற்று ஏலம் விட்டார். ஒரு சப்ளையரின் விலையைக் காட்டி அடுத்தவரிடம் பேரம் நடந்தது. பல நூறு கோடி டாலர் உடனே மிச்சமானது உண்மை. 1993-ல் அவர் ஃபோக்ஸ்வேகனுக்குப் போய்விட்டார். ஆனால் சப்ளையர்களிடம் உண்டான அவநம்பிக்கை நெடுநாள் நீடித்தது. புதுத் தொழில்நுட்பத்தை முதலில் வேறு நிறுவனங்களுக்குக் காட்டுவதுதான் பாதுகாப்பு என்று அவர்கள் முடிவெடுத்தார்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில் கிரைஸ்லர் நேர் எதிரான பாதையில் போனது. ஸ்கோர் என்ற திட்டத்தில் சப்ளையர்களிடம் ‘விலையைக் குறை’ என்று கேட்கவில்லை. ‘எங்களிடம் என்ன தவறு, எதை மாற்றினால் உங்களுக்குச் செலவு குறையும்’ என்று கேட்டது. மிச்சத்தில் பாதி சப்ளையருக்கு. தம் பங்கை விட்டுக்கொடுத்து அதற்குப் பதிலாகக் கூடுதல் ஆர்டர் பெறவும் வழி இருந்தது. 1995 முடிவதற்குள் 5,300 யோசனைகள் நடைமுறைக்கு வந்தன, கிரைஸ்லருக்கு மட்டும் ஆண்டுக்கு 170 கோடி டாலருக்கு மேல் மிச்சம். அதே கிரைஸ்லர், டெய்ம்லருடன் இணைந்து நஷ்டத்தில் விழுந்த பிறகு, 2001 ஜனவரி 1 முதல் எல்லோரும் 5 சதவீதம் குறைக்க வேண்டும், 2003-க்குள் இன்னும் 10 சதவீதம் என்று அறிவித்தது. பத்தாண்டில் சேர்த்த நம்பிக்கையை ஒரு கடிதம் அசைத்தது. நெருக்கடி உண்மையானதுதான். ஆனால் 5,300 யோசனை தந்தவர்களிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

பகிர்வு உண்மையாக வேலை செய்ய, யோசனை வருவதற்கு முன்பே விதி எழுத்தில் இருக்க வேண்டும். புது டையின் செலவு முதலில் கழியும், பிறகு முதல் ஆண்டு மிச்சம் பாதிப் பாதி, இரண்டாம் ஆண்டு முதல் பெரும்பகுதி விலைக்குள் போகும் என்பது போல. யோசனைக்கு 30 நாளுக்குள் ஆம், இல்லை என்று பதில் வர வேண்டும். ஆறு மாதம் டிசைன் துறையில் தூங்கினால் அடுத்த யோசனை வராது. ஆண்டுக்குறைப்பு ஏற்கெனவே 3 சதவீதம் இருந்தால், யோசனையால் வந்த மிச்சம் அதில் வரவு வைக்கப்படுமா, அதற்கு மேலா என்பதும் தெளிவாக வேண்டும். பெரும்பாலான சண்டைகள் இந்த ஒரு வரி இல்லாததால்தான் வருகின்றன.

மூலப்பொருள் விலைக்கு இன்னொரு வரி வேண்டும். எஃகு விலை மாறினால் மொத்த எடை 160 கிராமுக்கு எவ்வளவு, ஸ்கிராப் 64 கிராமுக்கு எவ்வளவு கழிவு, எந்த விலைக் குறியீட்டை எந்த மாதச் சராசரியில் எடுப்பது என்று எழுதிவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலை தானாகத் திருந்தும். ஏறும்போது மட்டும் பேசுகிற சப்ளையரும், இறங்கும்போது மட்டும் பேசுகிற உற்பத்தியாளரும் இதனால் வழிக்கு வருவார்கள்.

குறைக்கக் கூடாததைக் குறைத்தால்

ஜெனரல் மோட்டார்ஸ் 2014-ல் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. இக்னிஷன் சுவிட்சுக்குள் இருந்த சிறிய ஸ்பிரிங்கின் பலம் போதாமல், ஓடும்போதே சாவி நழுவி எஞ்சின் நின்றது, ஏர்பேக்கும் விரியவில்லை. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியே ஏற்றுக்கொண்ட இறப்புகள் 124. திருத்தத்துக்கான செலவு ஒரு பாகத்துக்கு ஒரு டாலருக்கும் கீழ். உத்தரவாதச் செலவில் அது திரும்ப வராது என்று 2005-ல் ஒதுக்கப்பட்டது. பிறகு ஸ்பிரிங் மாற்றப்பட்டபோது பாகத்தின் எண் மாற்றப்படவில்லை. அதனால் எந்தக் காரில் பழையது, எதில் புதியது என்று விசாரித்தவர்களால் பல ஆண்டுகள் பிரித்தறிய முடியவில்லை. செலவைக் குறைக்கும் மாற்றமோ, பழுதைத் திருத்தும் மாற்றமோ, எதுவானாலும் புது எண், புது மாதிரி ஒப்புதல், தொடர்ச்சியாக 300 பாகம் ஓட்டிப் பார்த்த அளவுகள் இல்லாமல் உள்ளே வரக்கூடாது என்பது இதனால்தான்.

தகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் இன்னொரு பாடம். மலிவான அமோனியம் நைட்ரேட்டை எரிபொருளாக வைத்து, ஈரம் உறிஞ்சும் பொருள் இல்லாமல் செய்த இன்ஃப்ளேட்டர்கள் (பையை ஊதி விரிக்கும் பாகம்), வெப்பமும் ஈரப்பதமும் உள்ள இடங்களில் வருடக்கணக்கில் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளைத் தெறிக்கவிட்டன. பல நிறுவனங்கள் ஒரே சப்ளையரிடம் வாங்கியதால் அமெரிக்காவில் மட்டும் 6 கோடிக்கு மேல் இன்ஃப்ளேட்டர்களை மாற்ற வேண்டிவந்தது. 2017-ல் நிறுவனம் திவாலானது. பாகத்தைப் பொதுவாக்குவதும் சப்ளையர்களைக் குறைப்பதும் செலவைக் குறைக்கும். நிசான் 1999-ல் தன் மீட்புத் திட்டத்தில் 1,145 சப்ளையர்களை 600 ஆக்கி, கொள்முதல் செலவில் 20 சதவீதம் குறைக்கத் திட்டமிட்டது அதை நம்பித்தான். ஆனால் பழுது வந்தால் அதுவும் அதே அளவில் பரவும்.

ஒரே இடத்தை நம்பும் ஆபத்து 1997 பிப்ரவரி 1 அன்று தெரிந்தது. ஐசின் செய்கி ஆலை தீப்பிடித்தபோது டொயோட்டாவின் பிரேக் வால்வு ஒன்றில் ஏறக்குறைய முழுத் தேவையும் அங்கிருந்தே வந்துகொண்டிருந்தது, கையிருப்பு மிகக் குறைவு. கார் ஆலைகள் நின்றன. சுமார் 200 நிறுவனங்கள் தங்களிடமிருந்த இயந்திரங்களோடு அந்த வால்வைச் செய்யும் வேலையில் கைகோத்து, ஒரு வாரத்துக்குள் பெரும்பாலான ஆலைகள் மறுபடி ஓடின. ஒப்பந்தம் பேசி முடிக்கும்வரை யாரும் காத்திருக்கவில்லை. நல்ல உறவின் மதிப்பு செலவுத்தாளில் எந்த வரியிலும் இல்லை, அந்த வாரம் அது கண்ணெதிரே தெரிந்தது.

வாடிக்கையாளர் கைக்கு வருவது

மிச்சமானது தானாக வாடிக்கையாளரிடம் போய்ச் சேராது. விலையை எப்போது முடிவு செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. செலவைக் கூட்டி, லாபம் சேர்த்து, விலை போடுகிற நிறுவனத்தில் சப்ளையரிடம் மிச்சமான 2 ரூபாய், வழியிலேயே லாபத்தில் கலந்துவிடும். விலையை முதலில் வைத்துவிட்டு, லாபத்தைக் கழித்து, மீதிக்குள் செலவை அடக்குகிற நிறுவனத்தில் வாடிக்கையாளரின் பங்கு முதல் நாளே ஒதுக்கப்பட்டுவிடுகிறது. டொயோட்டா 1960-களிலிருந்து வளர்த்த இலக்குச் செலவு முறை இதுதான். அனுமதிக்கப்பட்ட செலவைப் பாகம் பாகமாகப் பிரித்து, சப்ளையர்களோடு டிராயிங் வரையும்போதே உட்கார்ந்து பேசுகிறார்கள். டை வெட்டிய பிறகு பேசினால் பிசிறைத்தான் குறைக்க முடியும், பாகத்தைக் குறைக்க முடியாது.

ஐக்கியாவின் பேங் என்ற தேநீர்க் கோப்பை இதைக் கண்ணெதிரே காட்டுகிறது. விலை முதலில் முடிவானது, பிறகுதான் வடிவம். லாரியில் ஏற்றும் சரக்கு அடுக்குப் பலகை ஒன்றில் முதலில் 864 கோப்பைகள் அடுக்க முடிந்தது. விளிம்பை மாற்றி வடிவமைத்ததில் 1,280 ஆனது. உயரத்தைக் குறைத்து, கைப்பிடியை மாற்றியதில் 2,024 ஆனது. ஒரே லாரியில் இரண்டு மடங்குக்கு மேல் கோப்பைகள் போயின. ஒன்றின் மேல் விழும் கட்டணம் பாதிக்கும் கீழே இறங்கியது. உயரம் குறைந்ததால் சப்ளையரின் சூளையிலும் ஒரே தடவையில் அதிகக் கோப்பைகள் வெந்தன. யாருடைய லாபத்தையும் யாரும் பிடுங்கவில்லை. லாரியில் பயணம் செய்துகொண்டிருந்த காற்று மட்டும் குறைந்தது.

குறைந்த விலை அதிக விற்பனையைத் தந்து, அந்த எண்ணிக்கை மறுபடி செலவைக் குறைக்கும் என்ற துணிச்சலும் வேண்டும். ஃபோர்டு மாடல் டி 1908-ல் 850 டாலர். 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே வந்தது. ஒவ்வொரு குறைப்பும் அடுத்த எண்ணிக்கைக்கு வழிவிட்டது.

விலைச்சீட்டு மாறாமலும் பலன் வரலாம். மூலப்பொருள் ஏறிய ஆண்டில் விலையை ஏற்றாமல் நிறுத்துவது, அதே விலையில் கூடுதல் பாதுகாப்பு வசதி, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டிலிருந்து மூன்று ஆண்டாக்குவது. கடைசியாகச் சொன்னது நல்ல அளவுகோல். பாகத்தின் தரத்தைக் குறைத்து மிச்சம் பிடித்த நிறுவனம் உத்தரவாதத்தை நீட்டத் துணியாது. தொழிற்சாலை விலையின் மேல் விநியோகஸ்தரும் கடையும் சதவீதக் கணக்கில் லாபம் சேர்ப்பதால், தொழிற்சாலையில் இறங்கிய 2 ரூபாய், ஆளுக்கு 25 சதவீதம் என்றால், கடையில் 3.1 ரூபாயாக இறங்க வேண்டும். ஏறும்போது இந்தப் பெருக்கம் தவறாமல் நடக்கிறது. இறங்கும்போது 999 போன்ற பழகிய விலைப்புள்ளியில் நின்றுவிடுகிறது.

எல்லோரும் மறக்கும் இடம் ஒன்று உண்டு: ஸ்பேர் பார்ட்ஸ் விலைப்பட்டியல். அசெம்பிளிக்குப் போகும் பிராக்கெட் 33 கிராம் எஃகு மிச்சத்தில் மலிவாகியிருக்கும், அதே பிராக்கெட் ஸ்பேர் கவுண்ட்டரில் ஐந்தாண்டுக்கு முந்தைய விலையில் விற்கப்படும். இரண்டு பட்டியலையும் இரண்டு துறைகள் வைத்திருப்பதுதான் காரணம். பாகத்தின் எண் மாறும் ஒவ்வொரு முறையும், மாற்றத் தாளின் ஒரு நகல் ஸ்பேர் விலை போடுகிறவரின் மேசைக்கும் போக வேண்டும். அதில் பழைய செலவும் புதுச் செலவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். பழைய எண்ணுக்குப் பதிலாகப் புதியதைப் பொருத்தலாமா என்ற குறிப்பும் அதிலேயே இருந்தால், ஐந்து வருடம் ஓடிய வண்டியைப் பழுதுபார்க்க வருகிறவருக்கும் புது விலையிலேயே பாகம் கிடைக்கும்.